மேல்மேடைப் பலகை

தமிழ்தானே நீங்க? செருப்பைக் கழற்றும்போதே நினைத்தேன். மற்றவங்க கண்ட இடத்தில் உதறிவிட்டு உள்ளே வருவாங்க. நீங்க சுவரோரமாய் ஜோடி சேர்த்து வைத்தீங்க. நம்ம பக்கத்துப் பெண்பிள்ளைகள்தான் அப்படி வைப்பாங்க. மற்றவங்களும் வைப்பாங்களோ என்னவோ, எனக்கு அப்படித் தோன்றியது.

வாங்க, இந்தப் பக்கமாய் வாங்க. அங்கே மழைச்சாரல் அடிக்கும், தரை வழுக்கும். போன வருஷம் ஒரு வெள்ளைக்காரர் விழப் பார்த்தார். விழவில்லை. ஆனாலும் விழுந்திருந்தால்?

பார்க்கிறதுக்குப் பெரிதாய் ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இதற்கா இத்தனை தூரம் வந்தேன் என்று நீங்க நினைக்கக் கூடாது. நாலு வெள்ளைச் சுவர். மேலே தொங்குகிற கண்ணாடி விளக்குகள். மேற்கே அந்தச் சித்திர வேலை செய்த அலமாரி. நடுவில் இந்த மேடை. படம் கிடையாது, சிலை கிடையாது. யூதர்கள் கோயில் இப்படித்தான் இருக்குமாம். இங்கே ஜூதப்பள்ளி என்று சொல்வாங்க.

இந்த மேடையில் நின்றுதான் வேதம் வாசிப்பாங்க. தோலில் எழுதிய சுருள், அந்த அலமாரிக்குள் இருக்கும். அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வந்து இதில் வைத்து வாசிப்பாங்க. சுற்றியிருக்கிற பித்தளைக் கம்பியைப் பாருங்க. நான் புளி போட்டுத் தேய்த்தது. இப்போ நிமிர்ந்து மாடியைப் பாருங்க. இன்னொரு மேடை தெரிகிறதா? இதே மாதிரிதான், கொஞ்சம் சின்னது. மற்ற நாட்டில் எல்லாம் ஒரு பள்ளிக்கு ஒரு மேடைதானாம். இந்தக் கேரளத்து யூதர்களுக்குத்தான் இரண்டு. சாதாரண நாளில் கீழே. சனிக்கிழமையும் பண்டிகையும் வந்தால் சுருளை மாடிக்குத் தூக்கிப் போய் மேல்மேடையில் வாசிப்பாங்க. அதுக்குப் பின்னால் ஓட்டை ஓட்டையாய் ஒரு மரத்தட்டி இருக்கிறது பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம்தான் பெண்கள் உட்காருகிற இடம். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடப் பெண்களுக்குக் கேட்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது சிப்போராம்மா. இந்த ஊரில் கடைசியாய் இருந்த யூதர் அவங்கதான். போய்விட்டாங்க. போனவங்களைக் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க, யார் மேல் தப்பு என்று. உட்காருங்க. அந்த பெஞ்சு வேண்டாம், இதில் உட்காருங்க.

என் பெயர் செண்பகவடிவு. செங்கோட்டைப் பக்கம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாங்க. கல்யாணமாகி இங்கே வந்தோம். அவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பிறகு திருப்பூருக்குப் போனார், அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. அது கிடக்கட்டும். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். எல்லா ஞாயிறும் முடியுமா, அவளுக்கும் ஆயிரம் வேலை. நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை.

அவர் போன பிறகுதான் சிப்போராம்மா வீட்டு வேலைக்குப் போனேன். அதோ, மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே அந்த ஓட்டு வீடு. அவங்க ஆட்கள் எல்லாரும் ரொம்ப நாள் முன்னாலேயே இஸ்ரேலுக்குப் போய்விட்டாங்க. தம்பி, தம்பி பெண்டாட்டி, கைக்குழந்தை, தெருவே போயிருக்கிறது. அம்மாவுக்கு முடியவில்லை, அவங்க காலம் முடிந்த பிறகு வருகிறேன் என்று இவங்க மட்டும் நின்றுவிட்டாங்க. அம்மாவும் போய்ச் சேர்ந்தாங்க. இவங்க போகவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, யாரைப் பண்ணிக்கொள்வாங்க?

நல்ல மனுஷிதான். ஆனால் சனிக்கிழமை வந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். சனிக்கிழமை அவங்க நெருப்பைத் தொடக் கூடாது, விளக்கைப் போடக் கூடாது. சரி, நான் போடுகிறேன். ஆனால் என்னைப் போடச் சொல்லவும் கூடாதாம். "இருட்டா இருக்கு, இல்ல வடிவே?" என்பாங்க. நானாய்ப் புரிந்துகொண்டு போடவேண்டும். வேர்த்து ஊற்றும், "இன்னிக்குக் காத்தே இல்ல" என்பாங்க, நான் மின்விசிறியைப் போடவேண்டும். வேண்டியதை வாய்விட்டுக் கேட்காத ஆளோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று பழகினவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அப்படிச் சுற்றி வளைத்துப் பேசவே வராது.

இங்கே வந்து நான் விளக்கு ஏற்றியதும் வெளிப்படி வழியாய் மாடிக்குப் போவோம். பெண்கள் இடத்தில், தட்டியை ஒட்டி அவங்களுக்கு ஒரு பெஞ்சு. நான் படி ஓரமாய் உட்காருவேன். அவங்க மேல்மேடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாங்க. காலி மேடையை. சில சமயம் மலையாளத்தில் அவங்க பெண்கள் பாட்டு எதையாவது முணுமுணுப்பாங்க. அவ்வளவுதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதுதான்.

ஏன் வாசிப்பு கிடையாது என்று கேட்கிறீங்களா? பத்து ஆண்கள் வேண்டும். அவங்க ஆட்களில் வயதுக்கு வந்த பத்து ஆண்கள் கூடினால்தான் சுருளை எடுத்து வாசிக்கலாம். ஒன்பது பேர் இருந்தால்கூட எடுக்க முடியாது. பெண்கள் ஊர் நிறைய இருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டாங்க. நாங்க இரண்டு பேரும் எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் சைபர்தான்.

ஒரு தடவை சொன்னேன், யாரும்தான் இல்லையே, தட்டிக் கதவைத் திறந்துகொண்டு அந்த மேடையிலேயே போய் உட்காருங்களேன், காற்றாவது வரும் என்று. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. சாப்பாட்டு இலையில் காலை வைத்த மாதிரி. அது ஆண்கள் நிற்கிற இடமாம். அங்கே அவங்க அப்பா நின்று வாசிப்பாராம். இவங்க சின்னப் பெண்ணாய் மூக்கைத் தட்டி ஓட்டையில் வைத்துக்கொண்டு கேட்பாங்களாம். அவர் சட்டையில் கற்பூரம் போட்ட பெட்டி வாசனை வருமாம்.

இஸ்ரேலிலிருந்து தம்பி கூப்பிடும்போதெல்லாம் இவங்க ஒரே பதிலைத்தான் சொல்வாங்க. எனக்கும் சொல்லியிருக்கிறாங்க. "மேல்மேடையில ஒரு தடவை வாசிக்கிறதைக் காதால கேட்டுட்டா, பூட்டிட்டு வந்துடுவேன். அதை அப்படியே ஊமையா விட்டுட்டு வர முடியாது."

நல்லது என்று இருந்துவிட்டேன். பத்து ஆண்கள் எங்கே வரப்போகிறாங்க? தம்பியும் தவறிப்போனார். அப்புறம் யாரும் கூப்பிடுவது குறைந்துபோயிற்று.

போன வருஷம் ஐப்பசியில் போன் வந்தது. தம்பி மகன் ஒவதியா. இங்கேயிருந்து போகும்போது கைக்குழந்தை என்றேனே, அவர்தான். அப்பா பிறந்த ஊரைப் பார்க்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறாராம். ஆண்களே பத்துக்கு மேல். சனிக்கிழமை இங்கே இருப்பாங்க, சுருளை எடுத்து வாசிப்பாங்க.

சிப்போராம்மா போனை வைத்தாங்க. பிறகு என்னைப் பார்த்து, "மேல்மேடைக் கம்பியைத் தேய்க்கணும் வடிவே" என்றாங்க. அன்று சனிக்கிழமை இல்லை, அதனால் நேராய்ச் சொன்னாங்க.

தேய்த்தேன். விரல் வெடித்துப்போயிற்று. மேல்மேடையில் ஒரு மூலைப் பலகை கரையான் அரித்துக் கிடந்தது. குஞ்ஞப்பன் ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுப் பலகை போட்டோம், நல்ல ஆஞ்சிலி மரம். அவர் அதில் ஏறிக் குதித்தே காட்டினார், அந்த உடம்போடு. சிப்போராம்மா தன் அம்மாவுடைய கல்யாணப் பட்டுத் துணியை வெட்டி மேடை விரிப்பு தைத்தாங்க. ராத்திரி பகல் பாட்டுதான். சத்தம் போட்டே பாடினாங்க. எனக்கு என்னவோ அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் சத்தம் ஆகாது எனக்கு.

அப்போ எனக்குத் தூக்கமும் சரியில்லை. மழைக்காலம், முழங்கால் வலி. வேறு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒவதியா மட்டும் முன்னாலேயே வந்தார். வழுக்கைத் தலை, சிரித்த முகம். மலையாளம் குழந்தை பேசுகிற மாதிரிப் பேசினார். அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவங்க அடுப்படிக்குப் போனதும், பள்ளியைப் பார்க்கலாமா என்று கேட்டார். சாவி என்னிடம்தானே, நான் கூட்டி வந்தேன். இதே இடத்தில் நின்று மாடியைப் பார்த்தார். அத்தை மேலே வாசிக்கச் சொல்கிறாங்க, எங்க நாட்டில் எல்லாம் கீழேதான், மேலே உறுதியாய் இருக்குமா, வயதானவங்க சில பேர் வருகிறாங்க என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? உள்ளதைச் சொன்னேன். "பழைய பலகை சார். மூலையில கரையான் தின்னுடுச்சு. நானே பாத்துப் பாத்துதான் கால வைப்பேன்" என்றேன்.

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்க. கரையான் தின்றது நிஜம். பழைய பலகை என்பது நிஜம். நான் எங்கேயுமே பார்த்துத்தான் கால் வைப்பேன். பலகை மாற்றியாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாளைக்கு வயதானவர் ஒருத்தர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் யாரைக் கேட்பாங்க? சாவி வைத்திருக்கிறவளைத்தான் கேட்பாங்க.

அவர் ரொம்ப நன்றி என்றார்.

சனிக்கிழமை எல்லாரும் நடந்தே வந்தாங்க, அன்றைக்கு வண்டியில் ஏறக் கூடாதே. பள்ளி நிறைந்துபோயிற்று. நான் இத்தனை வருஷத்தில் இதற்குள் அவ்வளவு செருப்பு பார்த்ததில்லை. சிப்போராம்மா விடிவதற்கு முன்னாலேயே குளித்து, வெள்ளை உடுத்தி, தலையில் முக்காடு போட்டு, மாடியில் தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாச்சு. வந்த இரண்டு பெண்களையும் மேலே வரச் சொல்லிக் கையைக் காட்டினாங்க. அவங்களுக்குப் புரியவில்லை, கீழேயே ஓரமாய் நின்றுவிட்டாங்க.

பாட்டு ஆரம்பித்தது. ஆண்கள் குரல். சுவர் எல்லாம் அதிர்ந்த மாதிரி இருந்தது. அலமாரியைத் திறந்தாங்க. சுருளை எடுத்தாங்க. ஒவதியாதான் தூக்கினார். சிப்போராம்மா எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டியைப் பிடித்துக்கொண்டாங்க. மேல்மேடையில் பட்டு விரித்து வைத்திருக்கிறது, விளக்கு எரிகிறது.

அவர் படிப் பக்கம் வரவே இல்லை. நேரே நடுமேடையில் ஏறினார். எல்லாரும் சுற்றி நின்றுகொண்டாங்க. கீழேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டாங்க.

சிப்போராம்மாவுக்குக் காது மந்தம். கீழே பேசுவது மேலே வருவதற்குள் வெறும் இரைச்சலாகிவிடும், எனக்கே சரியாய்க் கேட்கவில்லை. அவங்க என் பக்கம் திரும்பினாங்க.

"கீழ வாசிக்கிறாங்க, வடிவே."

"ஆமா, கீழதான்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாங்க. "அவனுக்குத் தெரியல போல."

நான் எழுந்திருக்கவில்லை. போய்ச் சொல் என்று அவங்க சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் போயிருப்பேன், முழங்கால் வலித்தாலும் போயிருப்பேன். அத்தனை ஆண்கள் பூஜை நடுவே நிற்கிறபோது நான் எந்த உரிமையில் போய்ப் பேசுவது? நீங்க போவீங்களா? சனிக்கிழமைதான், அவங்க வாய்விட்டுக் கேட்கக் கூடாதுதான். அது அவங்க சட்டம், நான் போட்டதா?

நடுவில் ஒவதியா நிமிர்ந்து பார்த்தார். அத்தை தட்டிக்குப் பின்னால் நிற்பது தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். இவங்களும் ஆட்டினாங்க.

அன்று மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு. முந்தின நாளே சமைத்து மூடி வைத்த கோழிச் சோறு. நான்தான் பரிமாறினேன். சாப்பிடும்போது ஒவதியா சொல்லிவிட்டார். அத்தை, மேலே வாசிக்கத்தான் ஆசை, ஆனால் பலகை கெட்டுப்போயிருக்கிறது என்று வடிவு சொன்னாள், நல்லவேளை சொன்னாள் என்று.

என் கையில் கரண்டி. சிப்போராம்மா என்னைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் எல்லாம் இல்லை. பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமாம், பழைய பலகை" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் ஒரு துண்டு கோழி எடுத்து வைத்தாங்க.

பார்த்தீங்களா? அவங்களே சொல்லிவிட்டாங்க, பழைய பலகை என்று. அப்படியானால் நான் சொன்னதில் என்ன தப்பு?

எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. மேலே வாசிக்கவில்லை, இவங்க காதால் கேட்கவில்லை. அப்போ இவங்க போகமாட்டாங்க. அவங்க வாயால் சொன்ன வார்த்தைதானே அது. அன்று ராத்திரி நன்றாய்த் தூங்கினேன்.

திங்கட்கிழமை பார்க்கிறேன், பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாங்க. வந்தவங்க எல்லாம் போய்விட்டாங்க, ஒவதியா மட்டும் தங்கியிருக்கிறார், அங்கே போவதற்கான காகிதமெல்லாம் ரொம்ப நாளாய்த் தயாராய்த்தான் இருந்ததாம். கேட்டேவிட்டேன்.

"எப்படிப் போவீங்க? நீங்கதான் இன்னும் கேக்கலையே."

அவங்க துணியைப் பிழிந்துகொண்டே பேசினாங்க. "பத்து ஆம்பிளைங்க வரலைன்னு இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். வந்தாங்க. வந்து கீழ நின்னு வாசிச்சுட்டுச் சாப்பிட்டுப் போயிட்டாங்க. இனி யாருக்குக் காத்திருக்கணும், சொல்லு. காத்திருக்கிறதுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுவும் முடிஞ்சுபோச்சு, வடிவே."

இது நியாயமா? சொன்ன வார்த்தை என்று ஒன்று இல்லையா? மேலே வாசித்தால் போவேன் என்றவங்க, வாசிக்காமலேயே போவாங்களாம். நான் அன்று பூராவும் அவங்களோடு பேசவில்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாய்த்தான் வைத்தேன். அவங்க ஒன்றும் கேட்கவில்லை.

போவதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை வழக்கம்போல மாடிக்குப் போனோம். பட்டு விரிப்பு அப்படியே மேடையில் கிடந்தது. நான் படி ஓரம் உட்கார்ந்தேன். அவங்க பெஞ்சில் உட்காரவில்லை. தட்டிக் கதவின் கொக்கியைக் கழற்றினாங்க. ஒரு நாளும் அந்தப் பக்கம் கால் வைக்காதவங்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்மேடையில் ஏறிவிட்டாங்க. நேரே அந்த மூலைக்குப் போனாங்க. புதுப் பலகை மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாங்க. கனமான உடம்பு அவங்களுக்கு. பலகை ஒரு முனகல் முனகவில்லை.

அங்கே நின்றபடியே என்னைப் பார்த்தாங்க. கோபம் எல்லாம் இல்லை. "தாங்குது வடிவே" என்றாங்க. "நீயும் வா. பயப்படாதே."

ஆசாரி வேலை சரியாய் இருக்கிறதா என்று பார்த்தாங்க போல. போகிற நேரத்தில் அது எதற்கு? நான் போகவில்லை. எனக்கு முழங்கால்.

ஒரு புதன்கிழமை போனாங்க. படகுத்துறை வரைக்கும் நான்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். அழவில்லை, மழை பெய்துகொண்டிருந்தது. படகில் ஏறும்போது ஒவதியாவிடம் திரும்பிச் சொல்கிறாங்க, என் காதில் விழட்டும் என்றே சொன்ன மாதிரி. "வடிவு நம்ம வீட்டிலேயே இருக்கட்டும். அவளுக்குத் தனியா இருக்கப் பயம்."

இதுதான் எனக்கு ஆறவில்லை. எதை வைத்து அப்படிச் சொன்னாங்க? நான் எப்போதாவது பயம் என்று சொல்லியிருக்கிறேனா? அவர் திருப்பூர் போனபோது பயந்தேனா? மகளை அனுப்பிவிட்டுப் பயந்தேனா? அத்தனை பெரிய வீட்டில் இப்போ ஒண்டியாய்த்தான் படுக்கிறேன். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டுப் படுப்பேன், அது எலிக்காக. சனிக்கிழமை இங்கே விளக்கு ஏற்றுகிறேன், அது பார்க்க வருகிறவங்களுக்காக. மாடியில் அந்த பெஞ்சில் கொஞ்சம் உட்காருவேன், அங்கே காற்று வருகிறது.

முதலில் மாதம் ஒருமுறை போன் பண்ணினாங்க. அங்கே வாராவாரம் ஆண்கள் நிறைந்து கூட்டமாம், வாராவாரம் வாசிப்பாம். ஒரே மேடை, ரொம்ப தூரத்தில், பெண்கள் இடத்துக்கு ஒன்றும் கேட்காதாம். அப்போ திரும்பி வந்துவிடுங்க என்றேன். சிரித்தாங்க. இப்போ அவங்களுக்குப் போனில் பேசுவதும் கேட்பதில்லையாம், ஒவதியா சொன்னார். நான் கத்தித்தான் பேசினேன், பாவம்.

சொல்லுங்க, பயந்த ஆள் மாதிரியா இருக்கிறேன் நான்?

என்ன எழுந்துவிட்டீங்க? மணி அடிப்பதா? ஆமாம், அது அக்கரைக்குப் போகிற படகுதான். ஆனால் அதில் ஏறாதீங்க. அதுக்கு அடிப்பலகை அவ்வளவு நன்றாய் இல்லை என்று சொல்கிறாங்க. யார் சொன்னது என்று தெரியாது, சொல்கிறாங்க. நான் என்றால் ஏறமாட்டேன். இதை விட்டால் இன்னொன்று வரும், நல்ல படகு. உட்காருங்க. கொஞ்சம் இருட்டிக்கொண்டு வருகிறது, விளக்கைப் போடுகிறேன்.